இடது மரை

வால்பாறை எஸ்டேட் ஜீப் ஒன்று எங்கள் கோவைப் பட்டறைக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. இடப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார் மேஸ்திரி. வழக்கம்போல ஸ்பேனரைப் போட்டு இடம்சுற்றாக அழுத்தினேன். நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் குழாயைச் செருகி ஏறி மிதித்தேன். ‘டக்’கென்று ஸ்டட் முறிந்தது. மேஸ்திரி திட்டவில்லை. முறிந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“மரை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருடா. இது மிலிட்டரி வண்டி. இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை. வண்டிகிட்டக் கேட்டுட்டு ஸ்பேனரைப் போடு.”

ஓட்டத்தில் நட்டு தளர்ந்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த முறிந்த ஸ்டட்தான் என் சேகரிப்பின் முதல் பொருள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் லேத்தில் நின்ற கை இது. இன்று என் பட்டறையின் பின்னறை முழுக்க இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பின் பாகங்கள்.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வேவு வண்டி ஒன்று கேட்டது. மாதிரி வண்டிக்குக் கெடு 49 நாள். பென்சில்வேனியாவின் பட்லர் ஊரிலிருந்த பேன்டம் என்ற சின்னக் கம்பெனி, கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரைக் கொண்டு வரைபடம் போட்டு, செப்டம்பர் 23 அன்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஆனால் லட்சக்கணக்கில் செய்துதரும் வசதி பேன்டத்திடம் இல்லை. பெரிய ஆர்டர் ஒஹையோவின் டொலிடோ நகரத்து வில்லீஸுக்கும், அடுத்துப் போர்டு கம்பெனிக்கும் போயிற்று. வில்லீஸ் செய்தது எம்பி. போர்டு செய்தது ஜிபிடபிள்யூ. இரண்டிலும் அதே 2.2 லிட்டர், 60 குதிரைச் சக்தி வில்லீஸ் எஞ்சின்தான். போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்தைத் தாண்டின.

ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கண்டிப்பு. அதனால் நொறுங்கிய இரண்டு ஜீப்பைப் பிரித்து, ஓடும் ஜீப் ஒன்றைக் களத்திலேயே பூட்டிவிட முடிந்தது. இம்பால், கோஹிமா முனைகளிலும் லேடோ சாலையிலும் இவை ஓடின. பர்மாவில் டயரைக் கழற்றி ரயில் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தில் பெட்டிகளைக்கூட இழுக்க வைத்தார்கள். போர் முடிந்ததும் உபரி வண்டிகள் ஏலத்துக்கு வந்தன; எஸ்டேட்டுகளும் காண்ட்ராக்டர்களும் வாங்கினார்கள்.

இப்படிக் கலந்து போனதைப் பிரித்து அடையாளம் காண்பதுதான் எங்கள் வேலை. முதலில் முகத்தைப் பாருங்கள். போர்க்கால ஜீப்பின் கிரில்லில் ஒன்பது இடைவெளி. போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த சிஜே வகையில் ஏழு. ஆரம்பகால வில்லீஸ் எம்பிகளில் மட்டும் இரும்புப் பட்டைகளை வெல்டிங் செய்த கிரில் இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் விடவே கூடாது. பிறகு குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே, சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லீஸ்; கவிழ்த்த தொட்டி போல என்றால் போர்டு. வில்லீஸின் சேசிஸ் எண், இடச் சட்டத்தின் உட்புறம் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். போர்டு அதே இடச் சட்டத்தின் மேற்புறத்தில் நேராகக் குத்தியிருக்கும். துரு மூடியிருந்தால் கிரைண்டரை வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் தடவி ஊற விட்டு, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் எண் தானாக எழுந்து வரும்.

போர்டு தான் செய்த பாகங்களில் ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்தது. போல்ட்டின் தலையில்கூட அந்த எழுத்து உண்டு. பழைய இரும்புக் கடையில் ஒரு குவியலைக் கிளறிக்கொண்டிருக்கும்போது, சுண்டுவிரல் நகத்தளவு எழுத்து ஒன்று துருவுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். அந்த நொடிக்காகவே புதுப்பேட்டைக்கு எத்தனையோ முறை ரயில் ஏறியிருக்கிறேன்.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த வண்டியின் மரை அங்குலக் கணக்கு. 5/16 அங்குல ஓட்டையில் 8 மில்லி போல்ட் முதல் ஓரிரு சுற்று ஏறிவிடும். பிறகு மரையைத் தின்றுவிடும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

ஓடும் வண்டியே கிடைத்தால் 2021 விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டியை ‘விஏ’ வரிசையில் விண்டேஜ் என்று பதியலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது.

மூல வடிவம் என்ற சொல்லோடு நான் வெகுநாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். நம் ஊரில் இந்த ஜீப்புகள் பிழைத்ததே மாற்றிப் போட்டதால்தான். 6 வோல்ட் 12 ஆயிற்று. பெட்ரோல் எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தது. ஒருமுறை ஒரு ஜிபிடபிள்யூவின் பட்டை ஸ்பிரிங்கைப் பிரித்தபோது, அதில் ஏதோ ஒரு லேத்காரர் கடைந்து போட்ட ஷாக்கிள் பின் கிடைத்தது. முனையில் சென்டர் புள்ளி அப்படியே இருந்தது. அளவு அவ்வளவு கச்சிதம். அமெரிக்காவிலிருந்து பாகம் வர வழியில்லாத காலத்தில் அந்த வண்டியை மலையேற வைத்த கை அது. அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று சீட்டு எழுதிக் கட்டி, ‘எஃப்’ போல்ட்டுகள் இருக்கும் அதே அலமாரியில் வைத்தேன்.

சென்ற ஆண்டு ஒருவர் வந்தார். நான் கடைந்து கொடுத்த ஆறு போல்ட்டுகளின் தலையிலும் ‘எஃப்’ குத்தித் தரச் சொன்னார். “யாருக்குங்க தெரியப்போகுது?” என்றார். வண்டியிடம் கேட்டுவிட்டு ஸ்பேனரைப் போடச் சொன்ன மனிதரிடம் தொழில் கற்றவன் நான். வண்டியைப் பொய் சொல்ல வைக்க என்னால் முடியாது.

“தெரியணுமுங்க. எனக்கப்புறம் இதைக் கழட்டுறவனுக்குத் தெரியணும்” என்றேன்.

அன்று முதல் நான் செய்யும் ஒவ்வொரு பாகத்திலும், கழற்றினால் மட்டும் கண்ணில் படுகிற இடத்தில், அது செய்த ஆண்டைக் குத்திவிடுகிறேன்.