வெளிநாட்டு மாணவருக்கு வளாகத்தைக் காட்டினால் போதுமா?

புது தில்லி: வெளிநாட்டு மாணவர்களை ஈர்ப்பதற்காக மத்திய அரசு 2018-ல் "ஸ்டடி இன் இந்தியா" திட்டத்தைத் தொடங்கியது. 2019-20-ல் இங்கு 49,348 வெளிநாட்டவர் பயின்றனர். அவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் நேபாளத்தவர்.

சேர விரும்புவோருக்காகப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் அறிமுக நாளில் நூலகமும் ஆய்வகமும் காட்டப்படுகின்றன. ஆனால், மாணவரின் கவலைகள் வேறு. தாய்நாட்டுப் பள்ளிச் சான்றிதழ் இங்கு செல்லுமா? விடுதியில் இடம் உண்டா?

நாட்டுக்கு நாடு விதிகளும் மாறுகின்றன. நேபாளம், பூடான் நாட்டவருக்கு விசா தேவையில்லை. பிற நாட்டு மாணவர்களில் பெரும்பாலோர், 180 நாள்களுக்கு மேற்பட்ட விசாவில் வந்தால் 14 நாள்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும்.

எனவே, அனைவருக்கும் ஒரே உரை பயன் தராது. அந்தந்த நாட்டு மூத்த மாணவர்களும் சேர்க்கை, விடுதி அலுவலர்களும் நேரில் பதிலளிக்க வேண்டும். வர இயலாதோருக்கு அதே வாய்ப்பு இணையவழியில் வேண்டும். குடும்பச் சேமிப்பைச் செலவிட்டு வருபவருக்கு, வந்த பின் தெரியும் விதி காலம் கடந்த தகவலே.