பங்குக் கிணறும் ஒரு கணக்குப் பிழையும்

பங்குக் கிணறு எமது குடாநாட்டிற்குப் புதியதன்று. ஒரு கிணற்றிலே பல வளவினர் நீர் அள்ளுவர். முறையும் அளவும் பிறழாதவரை பிணக்கில்லை. கணினிகளுக்கும் அத்தகைய பொதுக்கிணறு ஒன்றுண்டு. ஓர் அலுவலகத்தின் கோப்புகளைப் பல கணினிகளும் எடுத்தாள வழங்கும் கோப்புப் பகிர்வுச் சேவையே அது. 2017 ஆம் ஆண்டில் அச்சேவை வழியாக உலகிற்கு நேர்ந்த கேட்டை மாணவர்க்கு விளக்கும்போது, கரும்பலகையில் 1000 என்று எழுதியே நான் தொடங்குவது வழக்கம்.

“இதனை 995 எனத் திருத்துக” என்பேன். முதலிலக்கத்தைத் தொடாது, பின்னுள்ள மூன்றிலக்கங்களை மட்டும் ஒருவன் மாற்றுவானாயின் விடை 1995 ஆகிவிடும். குறையவேண்டிய எண் ஏறத்தாழ இருமடங்காகிவிடும்!

விண்டோஸ் இயங்குதளத்தின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த வழுவும் இத்தகையதே. வந்துசேரும் பட்டியலொன்றின் நீளத்தைத் திருத்துகையில், 32 பிட் எண்ணின் கீழ்ப்பாதியான 16 பிட்டுகள் மட்டுமே மாற்றப்பட்டன. நினைவகத்தில் ஒதுக்கிய இடம் சிறிது; எழுதப்பட்ட தரவோ பெரிது. மிஞ்சியது அயலிடத்துள் வழிந்து, அங்கிருந்தவற்றின்மேல் எழுதிற்று. அவ்வழிவைத் திட்டமிட்டு ஏவியவன், கடவுச்சொல் இன்றியே கணினியைத் தன் வசமாக்க முடிந்தது.

மைக்ரோசொப்ட் நிறுவனம் மார்ச் 14 இல் திருத்தத்தை வெளியிட்டது. ஏப்ரல் 14 இல், ‘எட்டர்னல்புளூ’ என்னும் தாக்குங்கருவி பகிரங்கமாயிற்று. மே 12 இல் ‘வன்னாகிரை’ புறப்பட்டது. மனிதர் கைபடாமலே கணினிவிட்டுக் கணினி தாவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. பிரித்தானிய வைத்தியசாலைகளிலே சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மருந்து வந்து இரண்டு திங்களாகியும் அதனை ஏற்காத கணினிகளே பெரும்பாலும் வீழ்ந்தன.

தூரதேசத்துக் கதையென இதனை நாம் தள்ளிவிடலாகாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறு பிரதியில்லாத ஏடுகள் மீளவேயில்லை. இன்று எமது நூல்களும் பதிவுகளும் கணினிக்குள் குடிபுகுகின்றன. அங்கே தீ வேண்டியதில்லை. திருத்தாது விட்ட ஒரு வழுவே போதும்.

ஆதலின், பாடசாலையிலோ வாசிகசாலையிலோ கணினியைக் காப்போர் செய்யவேண்டியவை மூன்று: வரும் திருத்தங்களை உடனே ஏற்றல், பயனற்ற பழைய பகிர்வு முறையை நிறுத்தல், அரியவற்றின் பிரதியொன்றை வலையமைப்போடு தொடர்பின்றித் தனியே வைத்தல். மூன்றாவதை மறந்தோர்க்கு நேரும் இழப்பை இவ்வூர் நன்கறியும்.