பத்து நிமிடப் பாதையும் எட்டு சதவீத வேகமும்

உடம்பெல்லாம் இரும்புக் கவசம், முதுகில் கோடரி, குட்டைக் கால்கள். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் ஒரு குள்ள வீரன் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவன் வேகம் வினாடிக்கு 7 கஜம். மீட்டர் கணக்கில் 6.4, அதாவது மணிக்கு 23 கிலோமீட்டர். கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023-இல் சிகாகோ நகரில் மாரத்தான் உலக சாதனை படைத்தபோது அவருடைய சராசரி வேகமே மணிக்கு 21 கிலோமீட்டர்தான். நம் குள்ளன் அந்தச் சாதனையைக் கவசத்தோடு, இரவு பகல் பாராமல், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் முறியடித்துக்கொண்டே இருக்கிறான்.

ஆனால் அவனை ஓட்டிக்கொண்டிருப்பவருக்கோ பொறுமை இல்லை. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போக வழி உண்டா என்று தேடுகிறார். 2004 நவம்பரில் அந்த விளையாட்டு வெளியான நாளிலிருந்து இன்றுவரை ஓயாத தேடல் இது. செருப்புக்கு மந்திரம் போட்டால் 8 சதவீதம் கூடும். வேட்டைக்காரன் சிறுத்தையின் ஆவியை வரவழைத்தால் 30 சதவீதம். ஏறிப்போக ஒரு குதிரையோ ஆட்டுக்கடாவோ வாங்கினால் 60 சதவீதம். நிரலுக்குள் பார்த்தால் இவை எல்லாம் ஒரே ஒரு எண்ணை மாற்றும் வேலைகள். 7 என்ற இடத்தில் 14 என்று எழுத ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி வேலைக்கு ஏன் இத்தனை விலை, இத்தனை காவல் என்று கேட்டால், விடை கணிதம், உளவியல், இயற்பியல் என்று பல திசைகளில் நம்மை இழுத்துப்போகிறது.

மாரத்தான் வீரரை விஞ்சும் ஓட்டம் ஏன் மந்தமாகத் தெரிகிறது என்பதை முதலில் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் விமானிகளின் பார்வையை ஆராய்ந்தார். தரையிறங்கும் விமானிக்குத் தன் வேகத்தை உணர்த்துவது, கண்ணுக்குள் பின்னோக்கி வழிந்தோடும் காட்சிதான் என்று கண்டார். அருகில் உள்ள புல்லும் கல்லும் சட்டென்று கடந்துபோகும். தொலைவில் உள்ள மலை அசையாமல் நிற்கும். இந்தக் காட்சி ஓட்டத்தை வைத்துத்தான் மூளை வேகத்தை ஊகிக்கிறது. கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு ஓட்டம் குறைந்து தெரியும். வார்கிராஃப்டில் நம் கண் குள்ளனின் தலைக்குள் இல்லை. அவனுக்குப் பின்னால், பல மீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மணிக்கு 23 கிலோமீட்டரும் காலை நடைப்பயிற்சி போலத்தான் தெரியும். விளையாட்டு வடிவமைப்பாளர்கள் இதை நன்றாக அறிவார்கள். பாத்திரம் வேகமெடுக்கும்போது பார்வைக்கோணத்தைச் சற்றே விரிப்பார்கள், கேமராவை ஒரு கணம் பின்தங்க விடுவார்கள், காற்றின் கீற்றுகளைத் திரையோரத்தில் வரைவார்கள். எண் மாறாமலேயே வேகம் கூடியதுபோல நமக்குத் தோன்றும்.

எண் மாறினால் நடப்பது இன்னும் சுவையானது. ஓடிக் கடக்கப் பத்து நிமிடம் ஆகும் ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். செருப்பின் 8 சதவீதம் அதிலிருந்து 44 வினாடியை மிச்சப்படுத்தும். 60 சதவீதக் குதிரை வந்தால் ஆறே கால் நிமிடம் போதும். வேகம் 100 சதவீதம் கூடினால் ஐந்து நிமிடம். தொடக்க கால வார்கிராஃப்டில் 40-ஆம் நிலையை எட்டியவர் அந்த 60 சதவீதக் குதிரைக்குச் சுமார் 100 பொற்காசு கொடுத்தார். 60-ஆம் நிலையில் 100 சதவீதக் குதிரைக்குச் சுமார் 1,000 பொற்காசு. முதல் குதிரை தந்தது மூன்றே முக்கால் நிமிடம். இரண்டாவது அதற்கு மேல் தந்தது ஒன்றே கால் நிமிடம். மிச்சமாகும் ஒவ்வொரு வினாடிக்கும் இரண்டாம் குதிரையில் ஏறத்தாழ 30 மடங்கு விலை! அப்படியும் அதை வாங்க வாரக்கணக்கில் காசு சேர்த்தவர்கள் ஏராளம்.

2007-இல் பறக்கும் விலங்குகள் வந்தன. அவற்றில் உயர்ந்த வகை 280 சதவீதம் கூடுதல் வேகம் தந்தது; அதைவிட அரியவை 310. நம் பத்து நிமிடப் பாதை முதல் வகைக்கு 2 நிமிடம் 38 வினாடி, அடுத்ததற்கு 2 நிமிடம் 26 வினாடி. மேலும் 30 சதவீதம் ஏறியும் கிடைத்தது 12 வினாடிதான். கால்நடையாகப் போகும் எளிய வீரனின் செருப்பில் ஏறிய வெறும் 8 சதவீதமோ 44 வினாடி தந்தது. முதன்முறை இந்தக் கணக்கைப் போடுகிறவர் தாளைத் திருப்பி இன்னொரு முறை போட்டுப் பார்ப்பார். கணக்கு சரிதான். நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்தால் வருவது. வகுக்கும் எண் பெரிதாகப் பெரிதாக, அதில் இன்னும் கூட்டுவதன் பயன் தேய்ந்துகொண்டே போகும்.

நம் மூளை இந்த வகுத்தலைச் செய்வதில்லை. சுவீடனின் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 2008-இல் விரிவாகக் காட்டிய பிழை இது. 10 கிலோமீட்டர் சாலையில் 30-இல் போன வண்டி 40-இல் போனால் எவ்வளவு நேரம் மிச்சம்? 60-இல் போனது 100-இல் போனால்? பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் பெரிது என்பார்கள். முதலாவது 5 நிமிடம், இரண்டாவது 4 நிமிடம். ஏற்கெனவே விரைவாகப் போகிறவரை மேலும் விரைவாக்குவதன் பயனை மிகைப்படுத்தி, மெதுவாகப் போகிறவருக்குக் கிடைக்கும் சிறு உதவியைக் குறைத்து மதிப்பிடுகிறோம். நெடுஞ்சாலையில் 100-ஐ 120 ஆக்கும் ஓட்டுநரும், 310 சதவீத டிராகனுக்கு ஏங்கும் விளையாட்டு வீரரும் தடுக்கி விழும் இடம் ஒன்றே.

சரி, செருப்பு, ஆவி, குதிரை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன? இங்கேதான் விதிகள் குறுக்கே நிற்கின்றன. 20 சதவீத ஊக்கங்கள் பத்தைக் கூட்டினால் வேகம் 3 மடங்காகும். ஒன்றை மற்றொன்றால் பெருக்கிக்கொண்டே போனால் 6 மடங்கைத் தாண்டிவிடும். அதனால் பல விளையாட்டுகள் பெரிய ஊக்கங்களில் எது உயர்ந்ததோ அதை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. வேறு சில, உச்சவரம்பு என்று ஒரு கோடு போட்டுவிடுகின்றன.

2001-இல் பிறந்த பிரிட்டனின் ‘ரூன்ஸ்கேப்’ இன்னும் கறாரானது. அதன் பழைய வடிவத்தைப் பேணும் ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’பில் உலகம் 0.6 வினாடிக்கு ஒருமுறைதான் துடிக்கிறது. ஒரு துடிப்பில் நடப்பவர் ஒரு கட்டம் நகர்வார், ஓடுபவர் இரண்டு கட்டம். அதற்கு மேல் ஓடவைக்கும் செருப்பு அங்கே கிடையாது. பாடுபட்டுச் சேர்க்கும் ‘கிரேஸ்ஃபுல்’ உடையும் வேகத்தைக் கூட்டுவதில்லை. சுமையைக் குறைத்து, ஓடும் தெம்பை விரைவில் மீட்டுத் தந்து, அதிக நேரம் ஓடவிடுகிறது. வேகத்தைக் கூட்டாமல் தெம்பைக் கூட்டிய இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் நேர்மையானதாகப் படுகிறது.

துடிப்பு என்றேனே, அது இந்த விளையாட்டுகளின் மிக ஆழமான செய்தி. நீங்கள் ஓட்டும் வீரன் எங்கே நிற்கிறான்? உங்கள் திரையில் ஓரிடத்தில், சர்வரில் இன்னோரிடத்தில், எதிராளியின் திரையில் மூன்றாவதாக ஓரிடத்தில். மூன்றும் ஒருபோதும் முழுமையாக ஒத்துப்போவதில்லை. காரணம் ஒளி. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வங்கக்கடலின் அடியில் போகும் கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். ஆக, இங்கே தட்டிய விசை அங்கே போய்ச்சேர 15 மில்லி வினாடி, திரும்பி வர இன்னொரு 15. எந்த நிறுவனம் எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்தப் பாதையில் இதைவிடக் குறையாது. நடுவில் உள்ள கருவிகள் ஒவ்வொன்றும் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும்.

விசையைத் தட்டிவிட்டுப் பதில் வரும்வரை வீரன் அசையாமல் நின்றால் யாருக்கும் பொறுக்காது. அதனால் உங்கள் கணினி சர்வரின் பதிலுக்குக் காத்திருக்காமல், இப்படித்தான் ஆகும் என்று முன்கூட்டியே கணித்து அவனை நகர்த்திவிடுகிறது. 1996-இல் ‘குவேக்வேர்ல்டு’ விளையாட்டுக்காக ஜான் கார்மாக் எழுதிய நிரல்தான் இந்த உத்தியைப் பரவலாக்கியது. கணிப்பு சரியாக இருந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. தவறினால் வீரன் சட்டென்று பின்னுக்கு இழுபடுவான். விளையாடுகிறவர்கள் ‘லேக் அடிக்குது’ என்று அலறுவது அப்போதுதான். வேகம் கூடினால் இந்தப் பிழையும் அதே அளவுக்குப் பெரிதாகும். பத்தில் ஒரு வினாடி தாமதத்தில் நம் குள்ளன் 64 சென்டிமீட்டர் தள்ளி நிற்பான். மணிக்கு 200 கிலோமீட்டரில் பறக்கும் டிராகன் ஐந்தரை மீட்டர் தள்ளி இருக்கும். திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் அந்த டிராகன் ஒவ்வொரு முறையும் 90 சென்டிமீட்டருக்கு மேல் தாவுகிறது. நடுவில் அரை மீட்டர் தடிமனில் ஒரு சுவர் இருந்தால், ஒரு கணம் சுவருக்கு முன்னால், அடுத்த கணம் பின்னால். முட்டிய தருணமே கணக்கில் விழாது. இதைத் தடுக்க, நின்ற புள்ளிகளை மட்டும் பார்க்காமல் கடந்த பாதை முழுவதையும் சோதிக்கும் கணக்குகளை எழுதவேண்டியிருக்கிறது.

ஸ்பீட் ஹேக் எனப்படும் திருட்டு நிரல்கள் நுழைவதும் உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியில்தான். அவை பெரும்பாலும் வேக எண்ணைத் தொடுவதே இல்லை. கணினியின் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று விளையாட்டை நம்பவைக்கின்றன. சர்வர் தன் சொந்தக் கடிகாரத்தை வைத்து, இவ்வளவு நேரத்தில் இவ்வளவு தூரம் போயிருக்க முடியுமா என்று வகுத்துப் பார்க்கிறது. முடியாது என்றால் இழுத்துப் பழைய இடத்தில் போடும், அல்லது கணக்கையே முடக்கும்.

வேகத்தின் மிகப் பெரிய விலை இதுவும் அல்ல. விளையாட்டு உலகில் தூரம் என்பது பாதையைக் கடக்கும் நேரம்தான்; வேறு எதுவும் இல்லை. வேகத்தை இரட்டித்தால் உலகம் பாதியாகச் சுருங்குகிறது. 1999-இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ உலகம் இன்றும் பழைய ஆட்டக்காரர்களுக்குப் பிரம்மாண்டமாக நினைவிருக்கக் காரணம், அதைக் கடப்பது கடினமாக இருந்ததே. அங்கே ஓட்டத்தைக் கூட்டிய புகழ்பெற்ற மந்திரம் ‘ஸ்பிரிட் ஆஃப் உல்ஃப்’, ஓநாயின் ஆவி. ஷாமன், ட்ரூயிட் போன்ற சில வகையினரால் மட்டுமே அதைப் போட முடியும். போட்டால் எவருக்கும் பலிக்கும். ஆகவே போர்வீரர்கள் எல்லைவாசலில் நின்று, போகிற வருகிற முன்பின் தெரியாதவர்களிடம் ஓநாய் கேட்டார்கள். சிலர் இலவசமாகக் கொடுத்தார்கள், சிலர் காசு வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு மனிதரைத் தேடிப் போய்ப் பெறவேண்டியதாக இருந்தது வேகம். எத்தனையோ நட்புகள் அப்படித் தொடங்கின. கடையில் விற்கும் குதிரை அந்த உரையாடலைத் தேவையற்றதாக்கிவிட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகவே தெரிகிறது.

வார்கிராஃப்டும் இதே சிக்கலில் மாட்டியது. அதன் பழைய கண்டங்கள் தரையிலிருந்து பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவை. மேலிருந்து பார்த்தால் கட்டடங்களுக்குப் பின்புறமே இருக்காது. அங்கே பறக்க அனுமதிக்க 2010-இல் பழைய நிலம் முழுவதையும் திருத்திக் கட்டவேண்டியதாயிற்று. 2014-இல் வந்த புதிய நிலத்தில் பறக்கத் தடை போட்டார்கள். அந்தத் தடை நிரந்தரம் என்பதுபோல் 2015-இல் அறிவிப்பு வர, ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். சில வாரங்களில் ஒரு சமரசம் பிறந்தது: முதலில் நிலத்தைக் கால்நடையாகச் சுற்றிப்பார், பிறகு பறந்துகொள். 2022-இல் வந்த டிராகன் சவாரியில் வேகம் 800 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் அது சும்மா வருவதில்லை. உயரத்திலிருந்து பாய்ந்து வேகம் சேர்த்து, அதை வீணாக்காமல் மேலே ஏறத் தெரிந்தவருக்கே அது வாய்க்கும். இதுவரை வந்த தீர்வுகளில் இதுதான் சிறந்தது என்பேன். வேகத்தை வாங்கும் பொருளாக வைக்காமல், கற்கும் திறமையாக மாற்றிவிட்டது.

ஐஸ்லாந்தின் ‘ஈவ் ஆன்லைன்’ விண்வெளி விளையாட்டோ எதிர்த்திசையில் போனது. ஆயிரக்கணக்கானோர் ஓரிடத்தில் மோதினால் சர்வர் திணறும். அப்போது அந்தப் பகுதியின் காலத்தையே அது மெதுவாக்குகிறது, பத்தில் ஒரு பங்கு வரை. 2014 ஜனவரியில் 7,500-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட போர் அந்த மந்த காலத்தில் சுமார் 21 மணி நேரம் நடந்தது. எந்தக் கப்பலின் வேகமும் மற்றொன்றோடு ஒப்பிட்டால் மாறவில்லை. எல்லாருக்கும் ஒரே அளவில் காலம் நீண்டது.

இணைய விளையாட்டில் வேகத்துக்குக் காசோ உழைப்போ செலவிடப்போகும் எவருக்கும் ஒன்று சொல்வேன். கடைக்காரர் காட்டும் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போது எத்தனை நிமிடம் ஆகிறது, வாங்கிய பின் எத்தனை நிமிடம் ஆகும் என்று வகுத்துப் பாருங்கள். கால்நடையாகப் போகும்போது கிடைக்கும் மலிவான சிறு ஊக்கத்தை முதலில் வாங்குங்கள். உச்சத்தின் கடைசி 30 சதவீதம் காத்திருக்கலாம். புதிய நிலத்தை முதன்முறை கடக்கும்போது மட்டும், குதிரை இருந்தாலும் இறங்கி ஓடிப் பாருங்கள்.