வேப்பமரத்தின் இடுப்பில் ஒரு கம்பி!



சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் நிற்கிற வேப்பமரத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆண்டு விழா பேனருக்காகச் சுற்றிய கட்டுக்கம்பி இன்னும் அதில் இருக்கிறது. விழா முடிஞ்சுது, பேனரும் போயிடுச்சு, கம்பியை மட்டும் யாரும் அவிழ்க்கலை! மரம் பருக்கப் பருக்க, கம்பி பட்டைக்குள் பதிந்துவிட்டது. கம்பிக்கு மேலே மட்டும் பட்டை வீங்கியிருக்கிறது, கீழே வீக்கம் இல்லை. ஏன் அப்படி?

முதலில் நம்ம கையில் ஒரு சோதனை. விரலில் ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் விரல்நுனி கருஞ்சிவப்பாகி உப்பும். (உடனே கழற்றிடணும், சரியா?) தமனி இரத்தத்தை விரலுக்குக் கொண்டுவருகிறது. அதில் அழுத்தம் அதிகம், லேசான கட்டுக்கு அது அடங்காது. சிரை இரத்தத்தைத் திரும்ப எடுத்துப்போகிறது. அதில் அழுத்தம் குறைவு, சீக்கிரம் அடைபடும். வந்த இரத்தம் திரும்ப வழியில்லாமல் தேங்குகிறது.

இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி இப்படிக் கையைக் கட்டிப் பார்த்தும்தான், இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று விளக்கினார். அந்த நூல் வெளிவந்தது 1628-இல். ஆனால் தமனியையும் சிரையையும் இணைக்கும் பாதை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. 1661-இல் இத்தாலி நாட்டு மால்பிஜி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, மயிரிழையை விட மெல்லிய தந்துகிகளைக் கண்டுபிடித்தார்.

அதே மால்பிஜி மரத்தையும் விட்டுவைக்கவில்லை! பட்டையை வளையம் மாதிரி உரித்துப் பார்த்தார். உரித்த இடத்துக்கு மேலே வீங்கியது. நம்ம வேப்பமரம் மாதிரியேதான்!

காரணம் இதுதான். மரத்தில் இரண்டு பாதைகள் உண்டு.

1. சைலம்: இது உள்ளே கட்டைப் பகுதியில் இருக்கிறது. வேர் உறிஞ்சிய நீரையும் தாது உப்புகளையும் மேலே கொண்டுபோகிறது. நமக்கு நிமிஷத்துக்கு சுமார் 72 தடவை துடிக்கிற இதயம் இருக்கு. மரத்துக்கு ஏது இதயம்? இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகும்போது, கிணற்றுக் கயிற்றை இழுப்பது போல, பின்னால் இருக்கிற நீர் மேலே இழுக்கப்படுகிறது. இதுதான் நீராவிப்போக்கின் இழுவிசை.

2. ஃபுளோயம்: இது பட்டையின் உள்பக்கம் இருக்கிறது. இலை தயாரித்த சர்க்கரையை வேர் வரைக்கும் கொண்டுபோகிறது.

கம்பி இறுக்குவது பட்டையைத்தான். கீழே போகிற சர்க்கரை அங்கே தேங்குகிறது, அதனால்தான் மேலே வீக்கம். உள்ளே சைலம் வேலை செய்கிறதால் இலைகள் பச்சையாகவே இருக்கும். நாமும் "மரம் நல்லாத்தானே இருக்கு" என்று நினைப்போம். ஆனால் வேர் சேமித்து வைத்ததைச் சாப்பிட்டுக் காலம் தள்ளுகிறது. அது தீர்ந்தால் வேர் பட்டினி, பிறகு மரமே பட்டுப்போகும்.

"தென்னையில் ஏறுவதற்குப் படி வெட்டுறாங்களே, அது சாகலையே?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதன் குழாய்க் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. சில அறுபட்டாலும் மற்றவை வேலை செய்யும். வேம்புக்கு அந்த வசதி இல்லை.

செய்து பாருங்கள்: காசித்தும்பைச் செடி ஒன்றை வேரோடு எடுத்துக் கழுவி, சிவப்பு மை கலந்த தண்ணீரில் வையுங்கள். சில மணி நேரத்தில் தண்டுக்குள் சிவப்புக் கோடுகள் தெரியும். அதுதான் சைலம்!

தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிந்த கம்பியைத் தோண்டி எடுக்க வேண்டாம், பட்டை இன்னும் காயப்படும். வெளியே தெரிகிற இடங்களில் வெட்டிவிட்டாலே இறுக்கம் குறையும். அடுத்த விழாவுக்குக் கயிறு கட்டுவோம். மறுநாள் காலையில் நாங்களே வந்து அவிழ்த்துவிடுகிறோம்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவர்கள்