புடைத்தல் வேறு, கொழித்தல் வேறு

முறத்தில் இருக்கும் அரிசியை மேலே எறிந்து எறிந்து ஏந்தினால் உமியும் தவிடும் முன்பக்கமாகப் பறந்துவிடும். அது புடைத்தல். எறியாமல் பக்கவாட்டில் அசைத்தால் நொய் ஒருபுறமும் முழு அரிசி மறுபுறமும் ஒதுங்கும். அது கொழித்தல். கல்லைத் தனியே ஒதுக்கினால் நாவுதல். களத்தில் காற்று வாக்கில் நின்று நெல்லை உயரத்திலிருந்து சரித்தால் தூற்றுதல். பதர் தள்ளிப் போய் விழும், மணி காலடியில் குவியும். இத்தனையையும் ‘சுத்தம் செய்தல்’ என்று ஒரே சொல்லில் அடக்கி எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாவியும் தப்பிய கல்லுக்கு அரிக்கன்சட்டி இருந்தது. உள்பக்கம் வரிவரியாகக் கோடு போட்ட மண்சட்டி அது. தண்ணீரோடு அரிசியை ஆட்டி ஆட்டி வேறு பாத்திரத்தில் சரிப்பார்கள். கனமான கல் வரிகளில் தங்கிவிடும். கடைசிக் கைப்பிடி அரிசியில்தான் கையின் நிதானம் தெரியும்.

தமிழர்கள் சிந்தனையைப் பேசுவதும் இதுபோன்ற சமையலறைச் சொற்களால்தான். அலசுகிறோம், துருவித் துருவிக் கேட்கிறோம், சல்லடை போட்டுத் தேடுகிறோம், புட்டுப் புட்டு வைக்கிறோம். வாழைப்பூவில் கள்ளன் என்னும் வேகாத நரம்பை நீக்குவதும் ஆய்தல், நூலை நுணுகிக் கற்பதும் ஆய்தல். ‘உள்ளதன் நுணுக்கம்’ என்ற பொருளை இச்சொல்லுக்குத் தொல்காப்பியத்தின் உரியியலே தருகிறது.

இப்போது கல் நீக்கிய அரிசி பாக்கெட்டில் வருகிறது. பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை குறைந்தது, நல்லதுதான். ஆனால் காய்கறிக்கு என்ன வந்தது? கீரையை அரியலாம், வெண்டைக்காயை நறுக்கலாம், வாழைக்காயைச் சீவலாம், முருங்கைக்கீரையை உருவலாம், கொத்தமல்லியைக் கிள்ளிப் போடலாம். துண்டு எவ்வளவு பெரிது, கத்தி வேண்டுமா, கையே போதுமா என்பதெல்லாம் வினைச்சொல்லிலேயே இருக்கிறது. சமையல் நிகழ்ச்சிகளில் எல்லாமே ‘கட் பண்ணி’ ஆகிவிட்டது. அதன் பிறகு ‘எந்த சைஸில்?’ என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய சொற்களைச் சேர்த்துவைக்க அகராதிகள் உண்டு. எழுத்தாளர் கி.ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரத்துக்கென ஒரு சொல்லகராதி தொகுத்தார். அந்த வழியில் வந்த வட்டார அகராதிகள் இன்னும் ஒரு படி போக வேண்டும். புடைக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அவர்கள் கை அசைவதைப் படம்பிடித்துச் சொல்லோடு சேர்க்க வேண்டும். எது பறக்கிறது, எது தங்குகிறது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். நாவுதலுக்கும் கொழித்தலுக்கும் ஊருக்கு ஊர் வேறுபாடு சொல்வார்கள். அதையும் விட்டுவிடக் கூடாது.