கேளிக்கைப் பூங்காக்களும் பண்பாட்டு எல்லைகளும்

பொன்னும் மிளகும் துணியும் தொன்றுதொட்டுக் கடல் கடந்து சென்று வந்துள்ளன. அவற்றை வாங்கியோர் தத்தம் விருப்பம்போல் பயன்படுத்திக்கொண்டனர். ஆயின், மகிழ்ச்சியையே ஒரு விற்பனைப் பொருளாக்கி ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கொண்டுசெல்ல இயலுமா? மக்கள் உண்ணும் முறையும், ஓய்வைக் கழிக்கும் முறையும், விழாக் கொண்டாடும் முறையும் அவர்தம் பண்பாட்டில் வேரூன்றியவை அல்லவா? அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் அயல்நாடுகளில் அமைத்த கேளிக்கைப் பூங்காக்களின் வரலாறு இவ்வினாவிற்கு விடை காணத் துணைபுரிகிறது.

கேலிச்சித்திரப் படங்களால் புகழ்பெற்ற வால்ட் டிஸ்னி, 1955ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் முதல் பூங்காவைத் திறந்தார். அதன் வாயிலைக் கடந்தவுடன் நாம் காண்பது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அமெரிக்கச் சிற்றூரின் கடைத்தெரு. அடுத்து, குதிரை வீரர்கள் உலவிய மேற்கு எல்லைப்புறம். அப்பால் விண்வெளியைக் கனவு காணும் நாளைய உலகம். எனவே இது வெறும் ஊஞ்சலும் இராட்டினமும் நிறைந்த இடமன்று. அமெரிக்க மக்கள் தம்மைப் பற்றித் தாமே கண்ட கனவின் வடிவம் எனலாம். அக்கனவை அயலார் எவ்வாறு ஏற்றனர் என்பதை இனிக் காண்போம்.

டோக்கியோ பெற்ற வெற்றி

அமெரிக்காவிற்கு வெளியே முதல் டிஸ்னி பூங்கா 1983 ஏப்ரல் 15இல் டோக்கியோவை அடுத்துத் திறக்கப்பெற்றது. அதன் உரிமையாளர் டிஸ்னி அல்லர். ஓரியண்டல் லேண்ட் என்னும் சப்பானிய நிறுவனத்தார். நுழைவுக் கட்டணத்திலும், உணவு மற்றும் பொருள் விற்பனையிலும் ஒரு பங்கு மட்டுமே டிஸ்னிக்கு உரியது.

சப்பானியர் தமக்கு வேண்டுவது அமெரிக்கப் பூங்காவே என்றும், அதனைச் சப்பானிய மயமாக்க வேண்டா என்றும் கருதினர். தோற்றத்தில் அது பெரிதும் அமெரிக்கப் பூங்காவாகவே அமைந்தது. ஆனால் வாழ்க்கை முறையைப் பொறுத்தவரை உள்ளூர் வழக்கிற்கே இடம் தரப்பட்டது. மழை மிகுந்த நாடாதலின் கடைத்தெருவிற்குக் கூரை வேய்ந்தனர். வீட்டிலிருந்து உணவு கட்டிவரும் வழக்கம் உள்ளோர் அமர்ந்து உண்ண வாயிலுக்கு வெளியே இடம் ஒதுக்கினர். வெளியூர் சென்று திரும்புவோர் உற்றார்க்கும் உடன் பணியாற்றுவோர்க்கும் சிறு பரிசுகள் வாங்கிவருதல் சப்பானியர் மரபு. அதனை ‘ஓமியாகே’ என்பர். பெட்டிகளில் அடைத்த இனிப்பும் நினைவுப் பொருளும் விற்கும் கடைகள் இம்மரபினால் செழித்தன.

பாரிசு தந்த பாடம்

டோக்கியோவின் வெற்றியால் ஊக்கம் பெற்ற டிஸ்னி நிறுவனம், பாரிசுக்குக் கிழக்கே மார்ன்-லா-வல்லேயில் 1992 ஏப்ரல் 12இல் யூரோ டிஸ்னியைத் திறந்தது. பிரெஞ்சு அறிஞர் சிலர் அதற்கு முன்னரே கடுமையாக எதிர்த்தனர். நாடக இயக்குநர் அரியான் முனூசுக்கின் அதனைப் ‘பண்பாட்டுச் செர்னோபில்’ என்று சாடினார். அணு உலை விபத்தின் நச்சுப்போல் இப்பூங்கா பிரெஞ்சுப் பண்பாட்டைப் பாழ்படுத்தும் என்பது அவர் கருத்து.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. தோற்றத்தில் பிரெஞ்சு மரபை டிஸ்னியார் புறக்கணிக்கவில்லை. உறங்கும் அழகியின் கதையை எழுதிய பெரோ பிரெஞ்சுக்காரர்; அக்கதையின் கோட்டையே பூங்காவின் நடுவே எழுந்தது. அறிவியல் புனைகதை முன்னோடி சூல் வெர்னின் கற்பனையைத் தழுவி ஒரு பகுதியையே அமைத்தனர். ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. ஏன்?

வழுவிய இடங்கள் சிறியனவாகத் தோன்றும் அன்றாட வழக்கங்களே. உணவோடு திராட்சை மது அருந்துதல் பிரெஞ்சுக்காரரின் பழைய வழக்கம். பூங்காவிலோ மது மறுக்கப்பட்டது. ஐரோப்பியர் காலை உணவைப் பொருட்படுத்தார் என எண்ணி விடுதிகளின் உணவுக்கூடங்களைச் சிறிதாக்கினர். 350 இருக்கைகள் கொண்ட கூடத்தில் 2,500 பேருக்குக் காலை உணவு பரிமாற வேண்டிய நிலை ஏற்பட்டது. நண்பகல் 12.30 மணியளவில் அனைவரும் ஒருசேர உண்ண வந்ததால் வரிசைகள் நீண்டன. பணியாளர் தாடி மீசை வைக்கலாகாது, ஒப்பனையும் அணிகலனும் அளவோடிருக்க வேண்டும் என்னும் விதிகள் தனிமனித உரிமையில் தலையிடுவன எனத் தொழிற்சங்கங்கள் போராடின.

1993 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில் இழப்பு 530 கோடி பிராங்கு. இதற்குப் பண்பாட்டு முரண் ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. பெருங்கடனுக்கான வட்டியும் ஐரோப்பாவில் நிலவிய பொருளாதாரத் தேக்கமும் சேர்ந்தே அவ்விழப்பைத் தந்தன. எனினும் நிறுவனம் தன் வழியை மாற்றிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் தலைமைப் பொறுப்பேற்றார். 1993இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. மறு ஆண்டு பூங்காவின் பெயர் ‘டிஸ்னிலாந்து பாரிசு’ என மாறியது. 1995ஆம் நிதியாண்டில் முதன்முறையாக இலாபம் வந்தது.

திணைக்குரிய கருப்பொருள்களை வரிசைப்படுத்திய தொல்காப்பியர், தெய்வத்தை அடுத்து உணவை வைத்தார். ஒரு நிலத்து மக்களை அறிய விழைவோர் அவர்கள் உண்ணும் முறையையும் அறிதல் வேண்டும் என்னும் உண்மை பாரிசில் மீண்டும் மெய்ப்பட்டது.

சீன மண்ணில்

2005 செப்டம்பர் 12இல் ஆங்காங்கு பூங்கா திறக்கப்பட்டபோது டிஸ்னியார் மிகுந்த எச்சரிக்கையுடன் இருந்தனர். ‘பெங்சுயி’ என்னும் சீன மனைநூல் வல்லாரின் அறிவுரைப்படி நுழைவாயிலின் திசையைச் சற்றே திருப்பி அமைத்தனர். ஆனால் திருமண விருந்துகளில் சுறாத்துடுப்புச் சாறு பரிமாறப்படும் என்ற அறிவிப்பு சிக்கலைத் தோற்றுவித்தது. சீனர்க்கு அது விருந்தோம்பலின் சின்னம்; இயற்கை ஆர்வலர்க்கோ அது கடலுயிர்க் கொலை. இறுதியில் அவ்வுணவு கைவிடப்பட்டது. 2006ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டு விடுமுறையில் கூட்டத்தின் அளவைச் சரிவரக் கணியாமையால், சீட்டு வைத்திருந்தோரும் உள்ளே செல்ல இயலாது வெளியே நின்றனர். திசையை ஆராய்ந்தவர்கள் மக்களின் விழாக்காலத்தைக் கணிக்கத் தவறினர்!

2016 சூன் 16இல் திறந்த சாங்காய் பூங்காவில் அமெரிக்கக் கடைத்தெருவே இல்லை. சீனப் பஞ்சாங்கத்தின் பன்னிரு விலங்குகளுக்கு ஒரு தோட்டமும், மரபு வழியில் ஒரு தேநீர் இல்லமும் அமைந்தன. அங்கும் வழக்கு எழுந்தது உணவைப் பற்றியே. வெளியுணவைத் தடுத்த விதியை எதிர்த்துச் சட்டம் பயிலும் மாணவி ஒருவர் நீதிமன்றம் சென்றார். அமெரிக்காவிலும் பாரிசிலும் இல்லாத தடை சீனர்க்கு மட்டும் ஏன் என்னும் கேள்வி மக்களிடையே எழுந்தது. 2019இல் அவ்விதி தளர்த்தப்பட்டது.

இனி வரும் சோதனை

2025 மே 7ஆம் நாள், அபுதாபியின் யாசுத் தீவில் ஒரு பூங்கா அமையும் என டிஸ்னி அறிவித்தது. டோக்கியோவில் போன்றே இதனையும் கட்டி நடத்தும் பொறுப்பு உள்நாட்டு நிறுவனமான மிராலைச் சாரும். அரேபியச் சாயலில் கோபுரங்கள் எழுப்புதல் எளிது. தொழுகை நேரம், இரமலான் மாதத்தின் பகலும் இரவும், ஆகுமான உணவு, மூன்று தலைமுறையும் ஒன்றாக வரும் குடும்பம் ஆகியவற்றை அன்றாட நடைமுறையில் எவ்வாறு பேணுவர் என்பதே உண்மையான தேர்வாக இருக்கும்.

இதுகாறும் கண்டவற்றால் ஓர் உண்மை தெளிவாகிறது. பண்பாடு கோபுரத்திலும் சிற்பத்திலும் மட்டும் உறைவதன்று. உணவிலும் உடையிலும் நேரத்திலும் உறவிலும் அது வாழ்கிறது. தோற்றத்தில் அயலாகவும் வழக்கத்தில் உள்ளூராகவும் இருந்த டோக்கியோ வென்றது. தோற்றத்தில் பிரெஞ்சாகவும் வழக்கத்தில் அயலாகவும் இருந்த பாரிசு தொடக்கத்தில் தடுமாறியது.

இச்செய்தி வணிகர்க்கு மட்டும் உரியதன்று. கல்வி முடித்துப் பிற நாடுகளுக்குப் பணியாற்றச் செல்லவிருக்கும் நம் மாணவர்க்கும் இது பொருந்தும். செல்லும் நாட்டின் மொழியையும் சட்டத்தையும் கற்பதோடு, அம்மக்கள் எப்போது உண்கின்றனர், எதனை மதிக்கின்றனர், எதனால் மனம் நோவர் என்பதையும் கற்றுக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு கற்பவரே எந்நாட்டிலும் நல்ல விருந்தினராக ஏற்கப்பெறுவர்.