கொப்புளம் எல்லாம் அம்மை இல்லை

செங்கோட்டையைத் தாண்டினால் ஆரியங்காவு. 2022 மே மாதம் கொல்லம் மாவட்டத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்ற பேச்சு கிளம்பியபோது, குழந்தைகளுக்குக் கொப்புளம் கண்ட ஊர்களில் அதுவும் ஒன்று. மலை தாண்டி நெல்லைக்குப் பேச்சு வர எவ்வளவு நேரம் ஆகும்? இன்றும் பிள்ளை உடம்பில் சிவப்பாக நாலு பொட்டு தெரிந்தால் முதல் கேள்வி அதுதான்.

இது தக்காளிக் காய்ச்சலா?

அப்படி ஒரு புது நோயே இல்லை. கேரளத்துக்கு வந்துவிட்டு பிரிட்டன் திரும்பிய இரண்டு குழந்தைகளைப் பரிசோதித்தபோது அகப்பட்டது காக்ஸாக்கி ஏ16. கை, கால், வாய் நோயை உண்டாக்கும் பழைய வைரஸ். கொப்புளத்தின் நிறத்தால் வந்த பெயர். தக்காளி மேல் பழி இல்லை.

அம்மை போட்டிருக்கு என்கிறார்களே?

சின்னம்மை பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, முகத்தில் தொடங்கும், அரிப்பெடுக்கும். இது உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள், முழங்கால், புட்டம் என்று இடம் பார்த்து வரும். வேப்பிலை செருகுவதில் எனக்குச் சண்டை இல்லை. "அம்மைக்கு மருந்து ஆகாது" என்று பாராசிட்டமாலையும் தடுப்பதுதான் வம்பு. ஆஸ்பிரின் மட்டும் கூடாது. வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

மாட்டுக் கோமாரி தொற்றியதா?

இல்லை. அது வேறு வைரஸ்.

பிள்ளை வாயே திறக்க மாட்டேங்குது, என்ன செய்ய?

உண்மையான சங்கடம் இதுதான். வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட இறங்காது. அதில்தான் பிள்ளை துவண்டுபோகும். இளநீர், புளிக்காத மோர், ஆறிய கஞ்சி, மிளகாய் போடாத சொதி விட்டுக் குழையப் பிசைந்த சோறு என்று ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். ஆச்சி முறைத்தாலும் பரவாயில்லை, ஐஸ்கிரீமும் கொடுக்கலாம். குளிர்ச்சி புண்ணுக்கு இதம். எலுமிச்சை, ஆரஞ்சு ஜூஸ் எரியும். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும், மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டாலும், தூக்கத்தில் அடிக்கடி திடுக்கிட்டாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும் நெல்லை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து டாக்டரிடமோ உடனே போங்கள்.

பால்வாடிக்கு எப்போது அனுப்பலாம்?

காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்த பிறகு. ஏறக்குறைய ஒரு வாரம். அதுவரை ஆற்றுக் குளியலும் வேண்டாம். மலத்தில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் வெளியேறும் என்பதால், கால் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டே கழுவுங்கள். சானிடைசர் இதற்கு அவ்வளவாக எடுபடாது.

எல்லாம் ஆறி ஒரு மாதம் கழித்து நகம் கழலுகிறதே?

சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும். வலிக்காது. கழன்ற இடத்தில் புது நகம் தானே முளைக்கும்.